மூன்று ஏ எடுத்தும் வெட்டுப்புள்ளியை எட்டாதது ஏன்?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் திருகோணமலை வீடுகளில் முதலில் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். பல்கலைக்கழக அனுமதியைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்வி. ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி), பொதுச் சாதாரணப் பரீட்சையில் (Common General Test) 30 புள்ளி இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு, அவ்வளவே. இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. பாடசாலைத் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் கணக்கிலேயே வருவதில்லை.

75 எடுத்தவருக்கும் 98 எடுத்தவருக்கும் ஏதான். 65 முதல் 74 வரை பி. தரம் இந்த இடைவெளியை மறைத்துவிடும்; இசட் புள்ளி அதை வெளியே கொண்டுவரும். நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்துள்ளன என்ற அளவால்) வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கிடைப்பவற்றின் சராசரியே உங்கள் இசட் புள்ளி.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 18 என்று வையுங்கள். அதில் 74 எடுத்தவருக்குத் தரம் பி, இசட் 1.8889. இன்னொரு பாடத்தின் சராசரி 58, விலகல் 12. அதில் 76 எடுத்தவருக்குத் தரம் ஏ, இசட் 1.5 மட்டுமே. பி, ஏயை முந்திவிட்டது! முதல் பாடத்திலேயே 92 எடுத்தால் இசட் 2.8889. "ஏ உறுதி, இனி அடுத்த பாடத்தைப் பார்ப்போம்" என்று அதே முதல் பாடத்தில் 76இல் நிற்கும் பிள்ளை இழப்பது இதைத்தான். அந்த முதல் பாடத்தில் 5 புள்ளி கூடினால், மூன்று பாடங்களின் இறுதிச் சராசரி ஏறத்தாழ 0.09 உயரும். அனுமதி கிடைக்கும் மிகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளி நான்கு தசம இடம் வரை போவதால் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40% இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55% மாவட்டச் சனத்தொகை விகிதத்துக்கும் போகின்றன. மீதி 5% கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. கலைப் பிரிவில் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை ஒழுங்குதான். பரீட்சை நிலையம் எங்கே என்பது மாவட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. படித்த பாடசாலையும் நிரந்தர வதிவிடமும் பார்க்கப்படும். ஆகவே மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பிள்ளையை உயர்தரத்துக்குக் கொழும்புக்கு மாற்ற நினைப்பவர்கள், முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இந்தப் பகுதியை வாசியுங்கள். மாற்றிய பிறகு வாசித்துப் பயனில்லை.

விண்ணப்பத்தில் அதிகம் நடக்கும் தவறு, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து விருப்ப ஒழுங்கை அமைப்பது. அது அந்த வருடம் கடைசியாக அனுமதி பெற்றவரின் புள்ளி. வருடத்துக்கு வருடம் மாறும். உண்மையில் விரும்பும் கற்கைநெறியை முதலில் போடுங்கள். அது கிடைக்காவிட்டாலும் கீழே உள்ள விருப்பங்களுக்கான வாய்ப்புக் குறையாது. பிடிக்காத ஒன்றை மேலே போட்டால்தான் ஆபத்து: அது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை பார்க்கப்படமாட்டா. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை போன்றவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதன் விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கைகொடுக்காது.