கேம்ப் ரியூசனும் கல்வி உரிமைச் சட்டமும்: சேலத்தில் உதவ நினைப்பவர்களுக்கு

சாயங்காலம் ஆறு மணி. சமுதாயக் கூடத்தில் ஒரு டியூப்லைட், இரண்டு பிளாஸ்டிக் பாய், முப்பது பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பது அதே முகாமில் பிறந்து வளர்ந்து பி.காம். முடித்த பெண். அப்பாக்களில் பாதிப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். தம்மம்பட்டி, நாகியம்பட்டி, குறுக்குப்பட்டி என்று சேலம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2021 ஆகஸ்டில் அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஊர் வாயில் இன்னும் கேம்ப்தான், பிள்ளைகள் வாயில் அந்த டியூஷன் வகுப்பு இன்னும் 'ரியூசன்'தான்.

இதைப் பார்த்ததும் மனசு இளகி, "இதையே ஒரு பள்ளிக்கூடமாக்கிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 18-ன்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு மேலும் நடத்தினால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை. அது கூடப் பரவாயில்லை. அங்கே படிக்கும் பிள்ளைக்கு எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) கிடையாது, மாற்றுச் சான்றிதழ் கிடையாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வரும்போது நடுத்தெருவில் நிற்கும். எனவே காலையில் அரசுப் பள்ளி, மாலையில் ரியூசன் என்றே இருக்கட்டும். பெயர்ப் பலகையிலும் 'மாலை நேரப் படிப்பு மையம்' என்று எழுதினால் போதும்.

சரி, அகதிப் பிள்ளையை அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ளுமா? சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும். இந்தியா 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 21ஏ பிரிவும் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையுள்ள 'குழந்தை' என்றுதான் சொல்கின்றன. 'குடிமகன்' என்ற சொல் அங்கே இல்லை. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

மீதிப் பாதி, காகிதங்களில் இருக்கிறது. நான் கூடப் போன ஒரு சேர்க்கையில் நடந்தது இது. தாய் நீட்டிய தாளின் தலைப்பில் 'பிறப்பத்தாட்சிப் பத்திரம்' என்று இருந்தது. "பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் 'விடுகைப் பத்திரம்' வந்து நின்றது. நம் ஊர் டி.சி.யை இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள். நம் ஐந்தாம் வகுப்பு அங்கே 'தரம் 5'. தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்கவேண்டியிருந்தது!

அந்தத் தாள் இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது, மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் வயது உறுதிமொழி போதும். பிரிவு 5: டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பிரிவு 15: ஜூன் தாண்டி, நடு ஆண்டில் வந்தாலும் சேர்க்கவேண்டும். ஆதார் கேட்டால், பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். குரலை உயர்த்தவேண்டாம். பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், பெரும்பாலும் அந்தத் தாளே பேசிவிடும். அப்படியும் நகரவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு, அல்லது 14417 என்ற கல்வித் துறை உதவி எண்.

மாலை வகுப்புக்கு உண்மையான வேலை பிரிவு 4-ல் இருக்கிறது. இடையில் இரண்டு வருடம் படிப்பு விட்டுப்போன பத்து வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் ஈடுகட்டவேண்டும். பயிற்சி தரும் பொறுப்பு பள்ளியுடையது. ஆனால் வாய்ப்பாடும் வாசிப்பும் உண்மையில் எங்கே சரியாகின்றன என்று கேட்டால், அந்தப் பிளாஸ்டிக் பாயைத்தான் காட்டுவேன். பதினான்கு வயது முடிந்தாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசக் கல்வி உரிமை தொடரும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. முகாமில் ஒரு சிறாருக்கான மாத உதவித்தொகை 2021 அறிவிப்பில்தான் 500 ரூபாயாக உயர்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில் காலை உணவின் மதிப்பு தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் பணம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்கிறது, மாலை வகுப்புகளும் அதன் பணிகளில் ஒன்று. இப்படிப் பதிவான அமைப்பு வழியாகக் கொடுப்பது சுலபம். நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு உள்ள அமைப்பென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், விலக்கு கிடைக்காது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர், "மையத்துக்கு நான் அனுப்புகிறேன்" என்றால் நிறுத்தி யோசிக்கவேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு பெறாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பதிவு பெற்றவையும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்கவேண்டும். நல்லது செய்யப் போய் ரியூசன் டீச்சரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கி, அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில், முகாம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்கவேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அடுத்த முறை குழு அமைக்கும்போது முகாமிலிருந்து ஒரு அம்மாவையாவது கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அன்று அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்.