தஞ்சைக் கொல்லையில் சீமைமாதுளை காய்க்குமா?

சீமைமாதுளை என்பது ஆங்கிலத்தில் குயின்ஸ் (quince) எனப்படும் பழமரம்; நம் மாதுளை அல்ல. அதன் கன்று களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும். ஈர மண்ணையும் ஆப்பிளைவிட நன்றாகவே தாங்கும். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ கொல்லையில் மேடு கட்டி நட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் அது உயிர் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. மஞ்சள் பழம் தொங்கும் படத்தைக் காட்டிக் கன்று விற்கிறவர்கள் இவ்வளவுதான் சொல்கிறார்கள். அந்தப் பழம் வருவதற்கு மரம் என்ன கேட்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஆசையோடு ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றப்போகிறவருக்கு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரம் கேட்பது குளிர்.

காக்கசஸ் மலைப்பகுதியும் வட ஈரானும் இதன் தாயகம். ஆப்பிளுக்கும் பேரிக்கும் நெருங்கிய உறவு. காஷ்மீரில் இதைக் கத்தரிக்காயோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். இதெல்லாம் பனி விழும் ஊர்களின் மரம். அங்கே நடுக்குளிர்காலத்தில் நாலு நாள் வெயில் அடித்தால் அதை நம்பித் துளிர்த்த மொட்டு அடுத்த வாரப் பனியில் கருகிவிடும். அதனால் இந்தக் குடும்பத்து மரங்களின் மொட்டுகள், போதிய நேரம் குளிரில் கிடந்த பிறகே வெயிலுக்குச் செவிசாய்க்கும்.

உள்ளே நடப்பது இதுதான். மொட்டின் செல்களுக்கு இடையே நுண்ணிய வழிகள் உண்டு; வளரச் சொல்லும் சமிக்ஞைகள் அவற்றின் வழியேதான் போய்வரும். மொட்டு வளராமல் அடங்கிக்கிடக்கும் குளிர்கால உறக்கம் தொடங்கும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. காலோஸ் என்ற பொருள் சேர்ந்து, வாய்க்கால் மதகில் பலகை இறக்கியதுபோல, அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் செய்தி உள்ளே போகாது. நீண்ட குளிர்தான் அப்சிசிக் அமிலத்தைக் குறைத்து, காலோஸைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கவைக்கிறது. பாப்லர், பிர்ச் மரங்களில் இந்த அடைப்பும் திறப்பும் தெளிவாகக் காணப்பட்டிருக்கின்றன. உறக்கத்தைக் கட்டிக்காக்கும் மரபணுக்களும் உண்டு. அவற்றில் சில இல்லாமல் போன ஒரு பீச் வகை மெக்சிகோவில் கிடைத்தது; அது உறங்குவதே இல்லை.

குளிரை உணர்வது வேரா, இலையா, மொட்டா? அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஃபிரெடரிக் கோவில் 1920இல் வெளியிட்ட சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஒரு புளூபெர்ரிச் செடியைக் கதகதப்பான கண்ணாடி வீட்டுக்குள் வைத்து, ஒரே ஒரு கிளையை மட்டும் வெளியே குளிரில் நீட்டிவிட்டார். வசந்தத்தில் அந்தக் கிளை துளிர்த்தது; உள்ளே இருந்த மற்ற கிளைகள் உறங்கிக்கிடந்தன. ஒவ்வொரு மொட்டும் தன் குளிரைத் தானே பட்டாக வேண்டும். ஆகவே தூரில் ஐஸ் கட்டி கொட்டுவது பயன் தராது. அந்த யோசனையைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

சீமைமாதுளை கேட்பது, வகையைப் பொறுத்து, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 100 முதல் 450 மணி நேரம். ஆப்பிள் வகைகள் பலவும் கேட்பதைவிட இது குறைவு. ஆனால் டெல்டாவில் மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. குளிர் போதாத மரம் செத்துவிடாது. கிளை நுனிகளில் மட்டும் துளிர்க்கும், பக்க மொட்டுகள் மூடியே கிடக்கும், பூ வந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாரக்கணக்கில் இழுக்கும். சீமைமாதுளை புதுத்துளிரின் நுனியில்தான் ஒற்றைப் பூ வைக்கும் என்பதால், துளிர் குறைந்தால் பூவும் குறையும்.

மாமரம் மட்டும் எப்படிப் பூக்கிறது என்று கேட்கலாம். தை மாதத்து இதமான குளிரே அதற்குப் போதும். பூக்கச் சொல்லும் சமிக்ஞை அதன் முதிர்ந்த இலைகளில் பிறந்து நுனிக்குப் போகிறது. இலையைப் பறித்துவிட்டால் மா பூக்காது.

ஆப்பிளில் நேர்மாறு. கிழக்கு ஜாவாவின் மலாங் மலைப்பகுதியில், அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை காய் எடுக்கிறார்கள். ஆப்பிளையும் பேரியையும் ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளுவதும் குளிர்தான். அந்தக் குளிர் வராத இடத்தில் மொட்டை அடக்கிவைத்திருப்பது பெரும்பாலும் இலைகளே. அவை போனதும் மொட்டு விழித்துவிடுகிறது. சீமைமாதுளையை எப்படியும் வளர்த்தே தீருவேன் என்கிறவர் இந்த வழியை முயன்று பார்க்கலாம். ஆனால் அந்தத் தோட்டங்கள் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருப்பவை. சமவெளியில் நான் பழத்தை எதிர்பார்க்க மாட்டேன். பேரியும் பிளம்ஸும் காய்க்கும் கொடைக்கானலில் நிலம் உள்ள உறவினர் இருந்தால் கன்றை அவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

டெல்டாக் கொல்லைக்கு நான் சொல்வது வில்வம். அதுவும் கெட்டியான, மணமுள்ள, ஜாமை இறுகவைக்கும் பெக்டின் நிறைந்த பழம்தான். அது குளிருக்குக் காத்திருப்பதில்லை. கோடை வறட்சியில் இலையுதிர்த்து, புதுத்துளிரோடு பூக்கிறது. காய் பழுக்க ஏறக்குறைய 10 மாதம் ஆகும். ஒட்டுக்கன்றாக வாங்கி நட்டால் 4, 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று இன்னும் கூடுதல் காலம் எடுக்கும்.