பச்சிளங் குழந்தையின் உடலில் கொழுப்பு எவ்வளவு? எக்ஸ் கதிர் போடும் கணக்கு

புனே அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, சவுதாம்ப்டன் குழந்தைகளுடையது சுமார் 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவு, கையின் தசை எல்லாமே இந்தியக் குழந்தைகளிடம் வெகுவாகச் சிறுத்திருந்தன. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து இடுக்கியால் அளந்த கொழுப்பு மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. எடை குறைந்த அந்தச் சிற்றுடல்களில் தசை குறைந்து, கொழுப்பு மட்டும் ஓரளவு காக்கப்பட்டிருந்தது. எத்தனை நுட்பமான தராசானாலும் இந்த உண்மையை அது காட்டாது.

இடுக்கியும் முழு விடை தருவதில்லை. தோலுக்கு அடியில், கிள்ளிய இடத்தில் உள்ள கொழுப்பை மட்டுமே அது அறியும். உடல் முழுவதிலும் கொழுப்பு எவ்வளவு, தசையும் உறுப்புகளும் சேர்ந்த மென்திசு எவ்வளவு, எலும்பில் படிந்த தாது எவ்வளவு என்று தனித்தனியே அறிய வேண்டுமானால், மருத்துவமனைகளில் டெக்ஸா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர் ஸ்கேன் பயன்படுகிறது. புனேக் குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது அவர்களுடைய உடலமைப்பை அளக்கவும் அதுவே பயன்பட்டது. முதியோரின் எலும்புத் தேய்மானத்தைக் கண்டறிய மருத்துவமனைகளில் வைத்திருக்கும் அதே கருவிதான். ஆனால் குழந்தையிடம் அதன் கணக்கு பல இடங்களில் தடுமாறக்கூடியது. எங்கே தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம்.

எக்ஸ் கதிர் உடலின் வழியே செல்லும்போது வலுவிழக்கிறது. எவ்வளவு வலுவிழக்கிறது என்பது திசுவின் அளவையும், அதிலுள்ள தனிமங்களையும், கதிரின் ஆற்றலையும் பொறுத்தது. கால்சியம் போன்ற கனமான அணுக்கள் குறைந்த ஆற்றலுள்ள கதிரை மிக வலுவாக உறிஞ்சும். ஆற்றல் கூடக்கூட அந்தப் பிடி விரைவாகத் தளர்ந்துவிடும். 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கிராம் எலும்பு, ஒரு கிராம் தசையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கதிரைத் தடுக்கிறது. 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதே வேறுபாடு 1.2 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒரே இடத்தை இரண்டு ஆற்றல்களில் பார்த்தால், இரண்டு தெரியாத அளவுகளுக்கு இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. இந்தக் கருத்து எக்ஸ் கதிர்க் குழாயோடு தோன்றியதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேமரனும் சோரன்சனும் 1963-இல் கதிரியக்க அயோடினின் ஒற்றை ஆற்றல் கதிரைக் கொண்டு கை எலும்பை அளந்தார்கள். பின்னர் இரண்டு ஆற்றல்களில் கதிர் வீசும் கடோலினியம்-153 வந்தது. 1980-களின் இறுதியில் எக்ஸ் கதிர்க் குழாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எலும்பு இல்லாத ஓர் இடத்தை, குழந்தையின் மேற்கையில் எலும்புக்கு வெளியே விழும் ஒரு படப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பவை கொழுப்பும் கொழுப்பற்ற மென்திசுவும் மட்டுமே. 40-இல் தடுக்கும் அளவை 80-இல் தடுக்கும் அளவால் வகுத்தால், கொழுப்புத் திசுவுக்கு சுமார் 1.33, தசைக்கு சுமார் 1.48, எலும்புக்கு ஏறத்தாழ 3 என்று கிடைக்கும். நம் புள்ளியில் அந்த விகிதம் 1.42 என்று வந்தால், அது 1.33-க்கும் 1.48-க்கும் இடையில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பு என்று கருவி முடிவு செய்கிறது. அந்த விகிதம் 1.42-க்குப் பதிலாக 1.435 என்று பிசகினால் விடை 30 விழுக்காடாகிவிடும். எலும்பைத் திசுவிலிருந்து பிரிப்பது எளிது. கொழுப்பைத் தசையிலிருந்து பிரிப்பதுதான் கடினம் என்பதை இந்தச் சின்ன இடைவெளியே காட்டிவிடுகிறது. ஒரு புள்ளியில் நேரும் தற்செயலான பிழை ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்க்கும்போது கரைந்துபோகும்; எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கம் சாய்க்கும் பிழை கரையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் எலும்பு உள்ள புள்ளிகளில் இருக்கிறது. அங்கே எலும்பு, கொழுப்பு, மென்திசு என்று தெரியாதவை மூன்று, சமன்பாடுகளோ இரண்டுதான். ஆகவே எலும்பைச் சுற்றியுள்ள பகுதியில் கொழுப்பும் மென்திசுவும் என்ன விகிதத்தில் உள்ளனவோ, எலும்புக்கு முன்னும் பின்னும் அதே விகிதம்தான் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. உடல் முழுவதையும் எடுத்த படத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குப் புள்ளிகள் எலும்பின் மேல் விழுகின்றன. அந்தப் பகுதி முழுவதற்கும் நமக்குக் கிடைப்பது அளவீடன்று, அண்டை வீட்டைப் பார்த்துச் செய்த அனுமானம். மார்புக்கூட்டில் விலா எலும்புகள் நெருக்கமாக இருப்பதால் ஒப்பிட நல்ல இடமே குறைவு. தலையோ முழுவதும் எலும்பால் மூடியது. அதனுள் உள்ள மென்திசுவுக்குச் சில மென்பொருள்கள் ஒரு நிலையான கொழுப்பு மதிப்பையே கொடுத்துவிடுகின்றன. பெரியவர் உடலில் தலை சிறு பகுதி என்பதால் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டுமே நான்கில் ஒரு பங்கு.

நீரும் கணக்கைக் குழப்பும். பெரியவரின் கொழுப்பற்ற உடலில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர். பிறந்த குழந்தையிடம் அது 80 விழுக்காடு அளவில் இருந்து, வளர வளரக் குறைந்துகொண்டே வருகிறது. 40-க்கும் 80-க்கும் நாம் பார்த்த அந்தத் தடுப்பு விகிதம் நீருக்குத் தசையினுடையதைவிடச் சற்றே குறைவு என்பதால், நீர் கூடிய திசு கொழுப்பின் பக்கம் சிறிது சாய்ந்து தெரியும். சாய்வு சிறியதுதான். ஆனால் 3.5 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் 14 விழுக்காடு கொழுப்பு என்றால் அது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் நூறு கிராம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கே தவறிவிடும். வளர்ந்த ஒருவரின் 15 கிலோ கொழுப்பில் அதே நூறு கிராம் கண்ணில் படாது. இவற்றையெல்லாம் சரிபார்க்க ஆய்வாளர்கள் பன்றிக்குட்டிகளை நாடினார்கள். பச்சிளங் குழந்தையின் அளவுள்ள குட்டிகளின் உடலை ஸ்கேன் செய்து, பிறகு அதே உடலை அரைத்து வேதியியல் முறையில் கொழுப்பையும் தாதுவையும் அளந்து ஒப்பிட்டார்கள். குழந்தைகளுக்கென்றே தனி மென்பொருள் தேவை என்பது இத்தகைய சோதனைகளால் வலுப்பட்டது.

குழந்தையை எப்படிப் படுக்க வைக்கிறார்கள் என்பதும் அளவீட்டின் பகுதியே. பொத்தான், கொக்கி எதுவும் இல்லாத பருத்தித் துணியில் சுற்றி, பாலூட்டித் தூங்க வைத்து, கை கால் உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் சற்று விலக்கி வைக்கிறார்கள். உடல் முழுவதையும் எடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். கதிர் வரிவரியாக நகர்ந்து செல்லும்போது குழந்தை கையை அசைத்தால், ஓர் எலும்பின் விளிம்பு இரண்டு வரிகளில் பதியும், அல்லது எந்த வரியிலும் பதியாமல் போகும். படத்தில் முன்கை உடைந்த ஏணிபோல் தெரியும். அந்தப் படத்தைத் திருத்த வழியில்லை, மறுபடி எடுக்க வேண்டியதுதான். நனைந்த டயப்பரின் ஈரம் மென்திசுவாகவே கணக்கில் சேரும்; 3 கிலோக் குழந்தையிடம் நூறு கிராம் சிறுநீர் என்பது உடல் எடையில் மூன்று விழுக்காட்டுக்கும் மேல். ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளிடம்தான் இந்த வேலை மிகக் கடினம்: தூங்க மாட்டார்கள், சொன்னாலும் அசையாமல் படுக்க மாட்டார்கள். வெறும் ஆய்வுக்காக மயக்க மருந்து கொடுப்பது ஏற்கத்தக்கதன்று.

பெற்றோர் முதலில் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான், அது நியாயமான கேள்வி. முழு உடல் டெக்ஸாவின் அளவு பொதுவாகச் சில மைக்ரோசீவர்ட்டுக்குள் அடங்கும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோருக்கும் இயற்கையாகக் கிடைப்பது, உலகச் சராசரியில், நாளொன்றுக்கு 6 அல்லது 7 மைக்ரோசீவர்ட். அளவு இவ்வளவு குறைவாக இருந்தும், தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்காமல் இருப்பதே சரி.

எலும்பைப் பொறுத்தவரை ஒரு தனிச் சிக்கல் உண்டு. டெக்ஸா எடுப்பது நிழற்படம். ஆழம் அதற்குத் தெரியாது. ஒரே பொருளாலான இரண்டு கனசதுரங்களை எண்ணிப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ளதில் 1 கிராம் தாது இருந்தால் அதன் நிழல் 1 சதுர செ.மீ.; 2 செ.மீ. பக்கமுள்ளதில் 8 கிராம் இருக்கும், நிழல் 4 சதுர செ.மீ. முதலாவதன் அடர்த்தி 1 என்றும் இரண்டாவதன் அடர்த்தி 2 என்றும் கருவி சொல்லும். ஆகவே உயரம் குறைந்த குழந்தையின் எலும்பு, உண்மையில் குறையில்லாவிட்டாலும், வலுவற்றதாகத் தோன்றும். இதனால்தான் குழந்தைகளின் முடிவை, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வளர்ந்த இளம் வயதினரோடு ஒப்பிடாமல் அதே வயது, அதே பாலினக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, உயரத்தையும் கருத்தில் கொண்டு படிக்கிறார்கள். உடல் முழுவதையும் அளக்கும்போது தலையை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இத்தனை அனுமானங்கள் மென்பொருளுக்குள் புதைந்திருப்பதால், மென்பொருள் மாறினால் குழந்தையும் மாறிவிட்டதுபோல் தெரியும். ஒரு நிறுவனத்தின் பழைய ஸ்கேன்களையே புதிய பதிப்பில் மறுபடி கணக்கிட்டபோது, 40 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் கொழுப்பளவு மாறியதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். குழந்தையின் உடலில் எதுவும் நிகழவில்லை. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும் மருத்துவர், எண்களைப் பார்ப்பதற்கு முன்பே கருவியின் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொழுப்பு விகிதம் மட்டும் போதுமானால் கதிரே தேவைப்படாத வழிகள் இருக்கின்றன. பிறந்தது முதல் ஏறத்தாழ ஆறு மாதம் வரை, மூடிய சிறு அறையில் குழந்தையைப் படுக்க வைத்து, அது விலக்கும் காற்றிலிருந்து கன அளவைக் கணக்கிட்டு, எடையோடு சேர்த்துக் கொழுப்பைக் கணிக்கும் கருவி உண்டு. அதனுள் குழந்தை அசையலாம், அழலாம். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு டியூட்டீரியம் என்னும் கதிரியக்கமற்ற கனமான ஹைட்ரஜன் கலந்த நீரைச் சிறிதளவு புகட்டி, சில மணி நேரம் கழித்து எச்சிலில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்து, உடலின் மொத்த நீரையும் அதிலிருந்து கொழுப்பையும் கணிக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமை இந்தியா, இலங்கை உட்பட ஆறு நாடுகளில் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் உடலமைப்பை அளந்தபோது நம்பியது இந்த இரண்டு முறைகளைத்தான். ஆனால் அவை உடலை ஒரே மொத்தமாகப் பார்ப்பவை; கொழுப்பு வயிற்றில் சேர்கிறதா தொடையில் சேர்கிறதா என்று சொல்லாதவை, எலும்புத் தாதுவை நேரடியாக அளக்காதவை. கருவின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து போய்ச் சேருகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் எலும்பில் தாது உரியபடி ஏறுகிறதா என்று பார்க்க, குறைகள் அத்தனையோடும், இன்னும் டெக்ஸாவைத்தான் நாட வேண்டியிருக்கிறது.