அட்டைப்பெட்டி ஊழியம்

போன சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் நெரிகிற நேரம். எங்கள் சர்ச் வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகள் மூன்று பேர் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து கவுன்டர் மேல் வைத்தார்கள். "ஸ்தோத்திரம்ணா. அடுத்த மாசம் உகாண்டா போறோம், அகதிகள் முகாமுக்கு. சபையில எல்லார் வீட்லயும் மிச்சமான மருந்தைச் சேர்த்துட்டோம். நீங்க பிரிச்சு மட்டும் குடுத்தா போதும்."

இந்த வருஷத்தில் இது நான்காவது தடவை. கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், அதுவும் சபைக்கு வருகிறவன், முடியாது என்று சொல்லமாட்டான் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மூன்று தடவை சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லிவிட்டேன். தம்பிகள் முகம் வாடிப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் என்ன இருந்தது? பாதி குடித்த இருமல் டானிக். தண்ணீர் ஊற்றிக் கலக்கிய ஆன்டிபயாட்டிக் சிரப். கலக்கினால் பெரும்பாலும் ஒரு வாரம்தான் தாங்கும். அது எந்த வருஷம் கலக்கியதோ. யாரோ ஒரு தாத்தாவின் இன்சுலின், அலமாரியில் வெந்தது. 'விற்பனைக்கல்ல' என்று அச்சடித்த டாக்டர் சாம்பிள்கள். எல்லாவற்றுக்கும் மேல் கட் ஸ்டிரிப், கைப்பிடி கைப்பிடியாக. ஸ்டிரிப்பில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். நாங்கள் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது அந்த ஓரம் யார் பங்குக்குப் போகும் என்று சொல்லமுடியாது. தேதி இல்லாத மாத்திரையை நான் என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன்.

டிரமடால் இரண்டு ஸ்டிரிப் கிடந்தது. 2018-லிருந்து நம் நாட்டிலேயே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. வலி மாத்திரைதானே என்று பையில் போட்டுக்கொண்டு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கினால் ஊழியம் காவல் நிலையத்தில் முடியும்.

குளோரோகுயின் தனியாக ஒரு கவர் நிறைய. "மலேரியா அதிகம்னு சொன்னாங்கண்ணா." அதிகம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. நம் ஊர் வைவாக்ஸ் வகைக்குக் கேட்கிற குளோரோகுயின் அதற்குக் கேட்காது. குழந்தைக்கு அதைக் கொடுத்துவிட்டு, மருந்து கொடுத்தாயிற்று என்று தாய் நம்பி உட்கார்ந்திருப்பாள். உயிர் போக அந்த இரண்டு நாள் போதும்.

நான் இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு தம்பி கேட்டான்: "ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு ஏதாவது போனா நல்லதுதானேண்ணா?"

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு ஆகாது. படித்தவர், படிக்காதவர், போதகர், வாத்தியார், எல்லோரும் இதையே சொல்கிறார்கள். சுனாமி நினைவிருக்கிறதா? 2004 டிசம்பர். நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது, நாம் அனுப்பியதுதான். எல்லாவற்றையும் இழந்தவர்களும் அதைத் தொடவில்லை. அதே அலை அடித்த இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு உலகமெங்குமிருந்து 4,000 டன் மருந்து போய் இறங்கியது. வந்ததில் 60 சதவீதம் அந்த நாட்டு மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது. அதற்கு முன்னால் 1992 முதல் 1996 வரை போரில் சிக்கிய போஸ்னியாவுக்குப் போனதில் 17,000 டன் குப்பை என்று கணக்கிட்டார்கள்.

துணி என்றால் மக்கிப்போகும். மருந்தை அப்படி விடமுடியாது. உயர்ந்த சூட்டில் எரிக்கவேண்டும். அதற்கான உலை இல்லாத ஊரில் குழி வெட்டிப் புதைப்பார்கள், பக்கத்தில் கிணறு இருக்கும். அதையும் முதலில் யாராவது பிரிக்கவேண்டும். ஆயிரம் பேருக்கு ஒருவராக இருக்கும் நர்ஸ், நோயாளிகளை விட்டுவிட்டு உங்கள் கட் ஸ்டிரிப்பை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆக 'ஏதாவது' போனால், அங்கே இருந்த கொஞ்சமும் குறையும்.

ரத்த அழுத்த மாத்திரை நாற்பது கொண்டுபோகிறீர்கள். ஒரு பாட்டிக்குக் கொடுக்கிறீர்கள். நாற்பத்தொன்றாவது நாள்? நீங்கள் கிருஷ்ணகிரியில் சபை முன்னால் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

காலாவதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கென்றே 1996-ல் விதிமுறை போட்டது, 2010-ல் திருத்தியும் வெளியிட்டது. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் மிச்சமிருக்கவேண்டும். நோயாளி திருப்பிக் கொடுத்ததும் சாம்பிளும் கூடாது. கொடுப்பவர் நாட்டில் தரமில்லை என்று தள்ளுவதை வாங்குபவர் தலையில் கட்டக்கூடாது. பலிக்கு நொண்டி ஆட்டைக் கொண்டுபோகாதே என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித்தரவில்லையா? நம் ஊர் மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர்கூட அழுகின பெங்களூரா மாம்பழத்தை லாரியிலிருந்து இறக்கவிடமாட்டார்.

இதில் எனக்கு வெட்கமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. உகாண்டாவில் ஒன்றுமே இல்லை என்பது நம் கற்பனை. 1979-லேயே அங்குள்ள கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மருத்துவப் பணியகங்கள் ஒன்றுசேர்ந்து ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் என்ற மருந்துக் கிடங்கைத் தொடங்கி, இன்றும் நடத்துகின்றன. கென்யாவில் சபைகள் 1986-ல் அப்படியே ஒன்றை ஆரம்பித்தன. மிஷன் ஆஸ்பத்திரிகள் மருந்து வாங்குவது அங்கேதான். லேபிள் அந்த ஊர் நர்சுக்குப் புரியும், மருந்து அந்த நாட்டுப் பட்டியலில் இருக்கும், அடுத்த மாதமும் கிடைக்கும். நீங்கள் பெட்டிக்குக் கட்டும் கூடுதல் லக்கேஜ் காசை அங்கே அனுப்பினாலே போதும்.

சரி, போகிறவர்களுக்கு. மருந்து கொண்டுபோவதானால் உங்களுக்கு மட்டும், டாக்டர் சீட்டோடு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தத் தடுப்பூசி அட்டை இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள், போதகர் போன் போட்டாலும் விடமாட்டார்கள். மலேரியா தடுப்பு மாத்திரையை டாக்டர் எழுதித் தந்தபடி, ஊர் திரும்பிய பிறகும் விடாமல் முடியுங்கள். வந்தபின் காய்ச்சல் என்றால் கடையில் பாராசிட்டமால் கேட்காதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக 'உகாண்டா' என்று சொல்லுங்கள், தயவுசெய்து. நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் தங்கச்சிக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டி மருத்துவ முகாம் நடத்தாதீர்கள். இங்கே செய்யத் துணியாததை அங்கே ஏன்?

தம்பிகளை அந்த முகாமின் சுகாதார நிலையத்துக்கே வாட்ஸ்அப்பில் கேட்கச் சொன்னேன்: என்ன வேண்டும்? இரண்டு நாளில் பதில் வந்தது. தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு ஒரு தெர்மாமீட்டர். கிராமம் கிராமமாகப் போகும் சுகாதாரத் தொண்டர்களுக்கு சைக்கிள் டயரும் டியூபும்.

"டயரை எப்படிண்ணா சபை முன்னாடி வச்சு ஜெபம் பண்றது?" என்றான் அந்தத் தம்பி.

வைத்துத்தான் பாருங்களேன் என்றேன். மருந்தையெல்லாம் என் கடையின் காலாவதிச் சரக்கோடு சேர்த்து அழிக்க அனுப்பிவிடுகிறேன். பெட்டிகள் இரண்டும் காலியாக உள்ளறையில் இருக்கின்றன. டயருக்கு ஆகும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.