பழைய காரில் ஒயில் மட்டம் பார்க்கும்போது

யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ வீட்டு முற்றங்களில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ நிற்கிறது. அப்படி ஒரு கார் கராஜுக்குள் வந்தால் நான் முதலில் கேட்பது ஒயிலைப் பற்றித்தான். "நேற்றுத்தானே பாத்தனான், சரியா நிக்குது" என்பார்கள். டிப் ஸ்டிக்கை (ஒயில் மட்டம் காட்டும் கோடு போட்ட கம்பி) இழுத்தால் மட்டம் கீழே கிடக்கும், அல்லது மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. பார்த்த நேரமும் இடமும்தான் பிழை.

ஓடி வந்த காரை நிறுத்தியதும் பார்த்தால் ஒயிலில் ஒரு பகுதி இன்னும் மேலே ரொக்கர் பக்கத்திலும் உள்வழிகளிலும் இருக்கும். ஸ்டிக் குறைவாகக் காட்டும். "குறைஞ்சு போச்சு" என்று அரை லீற்றர் விட்டால் மறுநாள் அளவுக்கு மேல் நிற்கும். பழைய எஞ்சினுக்கு நல்ல நேரம் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன். ஓடிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்றால் பத்து நிமிடமாவது விடுங்கள்.

அடுத்தது நிலம். எங்கள் முற்றங்கள் பெரும்பாலும் மணல்; ஒரு பக்கச் சில்லு புதைந்தாலே ஒயில் சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடித்தொட்டிக்குள், ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கேற்றடிச் சரிவிலோ, வீதியோரச் சாய்விலோ நிறுத்திப் பார்ப்பதும் அப்படித்தான். சமமான சீமெந்துத் தரையில் பாருங்கள், எப்போதும் அதே இடத்திலேயே பாருங்கள்.

முதல் தடவை இழுத்ததை நம்பாதீர்கள். நூல் உதிராத பழைய பருத்தித் துணியால் துடைத்து, கடைசிவரை உள்ளே தள்ளி, திரும்ப எடுங்கள். நுனி கீழே பார்த்தபடி இருக்கட்டும். மேலே தூக்கினால் ஒயில் பிடிப்பக்கம் ஓடி மட்டம் கூடியதுபோல் தெரியும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தால் தாழ்வானதை எடுங்கள். மற்றது குழாயில் உரசி ஒட்டியது. புது ஒயில் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் கோடு தெரியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஸ்டிக்கே வேறு எஞ்சினுடையதாக இருக்கலாம். போர்க்காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல், கிடைத்ததைப் பூட்டி ஓடிய கார்கள் இவை. ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றிய கேம்பிரிட்ஜ்களும் உண்டு. ஸ்டிக் சற்று நீளமாக இருந்தாலோ, பிடிக்குக் கீழே உள்ள தடுப்பு வளையம் நகர்ந்திருந்தாலோ கோட்டில் அர்த்தமில்லை. ஒயில் மாற்றும் நாளில் இதைச் சோதிக்கலாம். சூட்டோடு முழுவதும் வடித்து, புது பில்டர் போட்டு, பூட்டியிருக்கும் எஞ்சினின் கையேடு சொல்லும் அளவை அளந்து விடுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அது மேல் கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், நிற்கும் இடத்தில் அரத்தால் புதுக் கோடு போடுங்கள். பிரிட்டிஷ் கையேட்டில் அளவு பைண்டில் இருக்கும். ஒரு பைண்ட் 0.57 லீற்றர். 4 லீற்றர் ஒயில் கானை அப்படியே கவிழ்ப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. மொறிஸ் மைனர் போன்ற சின்ன எஞ்சின் அவ்வளவு கொள்ளாது.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் பலர். மட்டம் அளவுக்கு மேல் போனால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரையை பம்ப் சரியாகத் தள்ளாது. இந்த எஞ்சின்கள் பலவற்றில் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டும்தான். அதைத் தாண்டி வடிந்தால் கிளச் தட்டு நனைந்து வழுக்கும். கூடியதை வடித்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் விடாமலே மட்டம் ஏறுவதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே கார்கள் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் சுலபமாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து, பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிச் சம்பில் சேர்ந்தது. ஸ்டிக்கில் மட்டம் நிறைவாகத்தான் இருந்தது, ஆனால் ஒயில் மெலிந்து பெயாரிங்குகள் தேய்ந்தன.

இன்று அதையே பெற்றோல் செய்கிறது. ஒஸ்ரின் ஏ30, ஏ40 சமர்செட் போல எஞ்சினோடு பூட்டிய பெற்றோல் பம்ப் உள்ள கார்களில் பம்புக்குள் இருக்கும் மெல்லிய தோல் (டயபிராம்) கிழிந்தால் பெற்றோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். மொறிஸ் மைனருக்கு மின்சாரப் பம்ப் தனியாக இருப்பதால் அந்த வழி இல்லை. ஆனால் கார்பரேற்றரில் பெற்றோல் வரவை அடைக்கும் ஊசி சரியாக அடைக்காவிட்டால் நிரம்பி வழிந்து உள்ளே போகலாம். ஸ்டிக்கை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் பலமாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தீப்பிடிக்கலாம். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கஸ்கெற்றை (எஞ்சின் தலைக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கிட்டக் கிட்ட மட்டும் ஓடும் காரில் ஒயில் மூடியின் உள்ளே மட்டும் வெள்ளைப் படிவு இருந்து ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் ஈரப்பதம்தான். ஒரு நீண்ட ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று, டாஷ்போட்டில் உள்ள சிவப்பு ஒயில் லைற் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தை மட்டும் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை நிறுத்துங்கள்.

காருக்குள் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். திகதி, மைல் கணக்கு, விட்ட ஒயில், அவ்வளவு எழுதினால் போதும். பழைய எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிப்பது வழக்கம். உங்கள் கார் எவ்வளவு குடிக்கும் என்பது அந்தக் கொப்பியில்தான் தெரியும். மாதம் அரை லீற்றர் குடித்த எஞ்சின் திடீரென்று ஒன்றுமே குடிக்காமல் நின்றால், பெற்றோலோ தண்ணீரோ சம்பில் சேர்ந்து குறைவை மறைக்கலாம்; கொப்பியையும் எடுத்துக்கொண்டு அதே கிழமை மெக்கானிக்கிடம் வாருங்கள்.