மோட்டார் வாங்குவதற்கு முன்: பவர் விண்டோவை வீட்டில் சரிபார்ப்பவர்களுக்கு

"மோட்டார் போயிடுச்சுங்க, புதுசே வாங்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். கதவைத் திறந்து பார்த்தால் பழைய மோட்டார் நன்றாகவே சுற்றும். கார் கண்ணாடி நின்றுவிட்டால் முதல் பழி மோட்டார் மேல்தான் விழுகிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சாவியை ஆன் செய்து, சுவிட்சை அழுத்தி, காதைக் கதவருகே வையுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், ரெகுலேட்டரில், அதாவது மோட்டாரின் சுழற்சியை வைத்துக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பில், கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப் உடைந்திருக்கும். சத்தமே இல்லை, ஆனால் அழுத்தும்போதெல்லாம் கேபின் விளக்கு லேசாக மங்குகிறதா? மோட்டாருக்குக் கரன்ட் போகிறது, ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது. விளக்கும் மங்கவில்லை என்றால் பியூஸ், சுவிட்ச், வயர் என்று வரிசையாகப் பாருங்கள். பின் கதவுக் கண்ணாடி டிரைவர் பக்கத்து சுவிட்சில் இறங்கி, தன் சொந்த சுவிட்சில் மட்டும் இறங்கவில்லை என்றால், டிரைவர் கதவில் இருக்கும் விண்டோ லாக் பட்டனை ஒருமுறை தட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்காகவே வண்டியை எடுத்து வருபவர்கள் உண்டு.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கம், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் வயர்கள் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை வளைந்து நிமிர்கின்றன. வருடக் கணக்கில் இப்படி நடந்தால் வெளி உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். சுவிட்சை அழுத்திக்கொண்டே கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணாடி துள்ளினால், கோளாறு அங்கேதான்.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோய், சில நிமிடம் கழித்து மறுபடி ஓடினால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலில் அடைந்த தூசி. துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். என்ஜின் ஆயிலோ கிரீஸோ வேண்டாம். ரப்பர் உப்பி இன்னும் இறுகும், மண்ணும் ஒட்டும்.

கதவின் உள்பக்கத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடுதகட்டை, பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்றிரண்டு கைப்பிடிக்குழியில் சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் இழுத்துத்தான் பலர் பேடை உடைக்கிறார்கள். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கேபினுக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். கதவுக்குள் காற்றழுத்த மாற்றத்தை உணரும் சென்சார் உள்ள வண்டிகளில் இந்த அடைப்பு கெட்டால் சென்சாரின் கணிப்பும் கெடும்.

இனி விரல்கள். கிளாம்பைத் தளர்த்துவதற்கு முன் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தின் மேல் டேப்பை உள்ளிருந்து வெளியே சுற்றி அழுத்தமாக ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி சரசரவென்று கை மேல் இறங்கும். டெம்பர்டு கண்ணாடி விளிம்பில் அடிபட்டால் மொத்தமாக நொறுங்கும். கத்தரிபோல இரண்டு இரும்புக் கைகள் குறுக்கே மடங்கி விரியும் கத்தரி வகை ரெகுலேட்டர் என்றால் அதில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பல் சக்கரத் தகட்டைச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டோ கிளாம்ப் போட்டோ பூட்டாமல் மோட்டாரைக் கழற்றவே கூடாது. மோட்டார் விலகிய நொடியில் ரெகுலேட்டரின் இரும்புக் கை வீசி அடிக்கும், விரல் முறியும். கேபிள் வகையில் அந்த பயம் குறைவு, ஆனால் அறுந்த கம்பி இழைகள் ஊசிபோலக் குத்தும். அதைத் திரும்பச் சுற்றி மாட்ட மெனக்கெடாமல் முழு ரெகுலேட்டராக மாற்றிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்வரை மோட்டார் கனெக்டர் கழற்றியே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் "இப்ப அழுத்திப் பார்க்கவா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்திவிடுவார்.

இரண்டு வயர் மட்டும் உள்ள மோட்டாரை நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, பிறகு முனைகளை மாற்றிக் கொடுத்துச் சோதிக்கலாம். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு மாட்யூல் சேர்ந்த, பல பின் உள்ள மோட்டாரில் இந்த வேலை வேண்டாம்.

மாட்டி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. பேட்டரியைக் கழற்றினாலோ ரெகுலேட்டரை மாற்றினாலோ பல கார்களில் கண்ணாடியின் மேல் எல்லை, கீழ் எல்லை மறந்துபோகும். ஒரே அழுத்தில் ஏறும் வசதியும், இடையில் ஏதாவது சிக்கினால் திரும்பி இறங்கும் பாதுகாப்பும் அதோடு போய்விடலாம். அந்தப் பாதுகாப்புக்கு ஐ.நா. வாகன விதி 21 வைத்திருக்கும் எல்லை 100 நியூட்டன், ஏறக்குறைய 10 கிலோ எடையின் அழுத்தம். உங்கள் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் முறையில் மறுபடி பழக்கிவிட்டு, சுருட்டிய செய்தித்தாளைக் குறுக்கே வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். கையை வைத்துச் சோதிக்காதீர்கள். தாள் நசுங்கியும் கண்ணாடி திரும்பவில்லை என்றால், அது சரியாகும்வரை குழந்தைகளை அந்த ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.