கரும்பாமை அல்ல, பிரம்பாமை

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ஒரு சின்ன ஆமையைக் 'கொச்சிக் காட்டுக் கரும்பு ஆமை' என்று எழுதியிருப்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரையில் பார்த்தேன், இப்போது வாட்ஸப்பிலும் வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இதன் பெயர் கேன் டர்ட்டில். அங்கே கேன் என்றால் கரும்பு, பிரம்பு, தாத்தாவின் கைத்தடி எல்லாமே. நமக்கு மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டார். மழைக்காட்டுச் சருகுக்குள் பதுங்கும், ஒரு சாண்கூட வராத ஆமைக்குக் கரும்போடு என்ன உறவு? எங்கள் சித்தூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் தேடினால் பெருச்சாளிதான் கிடைக்கும். போதாததற்கு, 'கரும்பாமை' காதில் கருப்பு ஆமை மாதிரி விழுகிறது. கருப்பு ஆமை என்று வேறோர் இனம் கேரளத்துக் குளங்களில் இருக்கிறது!

சரி, 'கொச்சிக் காட்டாமை' என்று சுருக்கலாமே என்கிறார்கள் சிலர். கல்லாமை, அறியாமை வரிசையில் காட்டாமை என்றால் காட்டாதிருத்தல். ஒருவகையில் பொருத்தம்தான். 1912இல் விலங்கியலாளர் ஹென்டர்சன் விவரித்த பிறகு, 1982இல் ஊர்வன ஆய்வாளர் ஜே. விஜயா காடர் பழங்குடி மக்களின் துணையோடு மறுபடி கண்டுபிடிக்கும்வரை அது அறிவியலாளர் கண்ணில் படவில்லை. ஆனால் அதே மலைகளில் திருவிதாங்கூர் ஆமையும் காட்டில்தான் வாழ்கிறது. பெயர் எதைக் குறிக்கும்?

மலையாளத்தில் சூரலாமை (ஆமையை அவர்கள் ஆம என்பார்கள்). சூரல் தமிழுக்கும் அந்நியமல்ல, பிரம்பு என்ற பொருளில் அகராதியிலேயே உண்டு. பிரம்பாமை என்று எழுதினால் ஊட்டியிலும் புரியும், சூரலாமை என்றால் எல்லையின் இருபுறமும் புரியும். இரண்டும் எனக்குச் சம்மதம்.

2006இல் இதன் பேரினத்துக்கே விஜயாவின் பெயரைச் சூட்டினார்கள்: விஜயாகெலிஸ். கெலிஸ் கிரேக்கத்தில் ஆமை. விஜயாமை என்று விளக்கினால் குழந்தைக்கும் மனதில் நிற்கும். நம் மொழிபெயர்ப்பாளர்களோ அதை ஏதோ மருந்தின் பெயர்போல எழுதிவிட்டு நகர்கிறார்கள்.

தோட்டங்களுக்காகக் காடு துண்டானது, காட்டுத்தீ, இறைச்சிக்காகப் பிடிப்பது என்று இந்த ஆமைக்கு நெருக்கடி ஏற்கெனவே அதிகம். வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. யாராவது அதைக் கண்டால் சொல்லச் சொல்லிக் கரும்பு ஆமை என்று பலகை வைத்தால், பறம்பிக்குளத்துக் காடர் ஒருவர் எதைத் தேடுவார்? சூரலாமை என்று கேளுங்கள், எந்தச் சருகுக்குள் கிடக்கும் என்று அவரே சொல்வார்.